டிராய் வந்தது, நகரி வரவில்லை

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய கண்ணப்பர் கதையில் கண்ணப்பர் வருவதற்கு வெகுநேரம் முன்பே திண்ணன் என்றொரு விடலைப் பையன் வந்துவிடுகிறான். பொத்தப்பி நாட்டு உடுப்பூர்க்காரன். தகப்பன் வேடர் தலைவன் நாகன், தாய் தத்தை. வில் பழகி முடித்து, ஊர்ப் பொறுப்பைத் தகப்பனிடமிருந்து வாங்கிக்கொண்டு முதல் வேட்டைக்குக் கிளம்புகிறான். நாணனும் காடனும் கூடவர, ஒரு பன்றியைத் துரத்திக்கொண்டு போய்ப் பொன்முகலி ஆற்றங்கரையில் நிற்கிறான். எதிரே காளத்தி மலை. அதற்குப் பிறகு அவன் கண்ணைக் கொடுத்துக் கண்ணப்பரானது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் சேக்கிழார் செலவிட்ட பாடல்களைத்தான் நாம் மறந்துவிட்டோம். வேட்டை நாய்கள், தோல், தேன், கள், புலிக்குட்டியோடு விளையாடும் குழந்தைகள் என்று ஒரு வேடர் குடியிருப்பை அவர் ஆற அமரக் கட்டுகிறார். அரசவையில் இருந்த பெரிய மனிதர் ஒருவர், தன் வீட்டு வாசனையே இல்லாத ஒரு வாழ்க்கையை அருவருப்பில்லாமல் எழுதியிருக்கிறார். 16ஆம் நூற்றாண்டில் தூர்ஜடி அதே பையனைத் தெலுங்கில் தின்னடு ஆக்கினார். இரண்டு மொழிக்கும் பொதுவான பிள்ளை அவன்.

இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சுருக்கி எழுதப்படும் கண்ணப்பர் கதைகளைப் பாருங்கள். உடுப்பூருக்கு இரண்டு வரி. நேராகக் கண்ணுக்குப் போய்விடுவார்கள். பையன் என்ன சாப்பிட்டான், யாரோடு சண்டை போட்டான், எதற்குப் பயந்தான் என்பதெல்லாம் கழிந்துபோய், பக்தியும் தலையில் ஓர் இறகும் மிஞ்சும்.

அந்தக் கழிவு தற்செயலாக நடந்ததல்ல என்பது என் எண்ணம். தமிழிலும் தெலுங்கிலும் கடந்த எண்பது ஆண்டுகளாக வளரிளம் பருவத்தினர் கையில் கிடைத்த கதைகள் ஒரு விசித்திரமான விதியைப் பின்பற்றி வந்திருக்கின்றன. தூரத்து வேற்றுமைக்குக் கதவு திறக்கும். பக்கத்துத் தெருவின் வேற்றுமைக்குத் திறக்காது. இதைச் சோதித்துப் பார்க்கச் சித்தூர், திருப்பதிப் பகுதியைவிடப் பொருத்தமான நிலம் தென்னிந்தியாவில் அதிகம் இல்லை.

தொல்காப்பியப் பாயிரம் தமிழுக்கு வட எல்லையாக வைத்தது வேங்கடத்தை. அகநானூற்றில் மாமூலனார் போன்றவர்கள், அந்த மலையைத் தாண்டினால் பேச்சு மாறிவிடும் என்று சொல்லிவைத்தார்கள். ஆனால் எந்த மலையிலும் பேச்சு கோடு கிழித்தாற்போல் மாறுவதில்லை. திருமலையில் மார்கழி முழுக்கச் சுப்ரபாதத்துக்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கிறது. அதே சந்நிதிக்குத்தான் அன்னமய்யா தெலுங்கில் ஆயிரக்கணக்கான கீர்த்தனைகளைக் கட்டினார். வெள்ளைக்காரர் காலத்தில் வட ஆற்காடு மாவட்டத்துக்குத் தலைநகரமே சித்தூர்தான். 1911 ஏப்ரல் 1ஆம் தேதி வட ஆற்காட்டிலும் கடப்பையிலும் சில தாலுகாக்களைப் பிரித்துச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் உண்டாக்கப்பட்டது. வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று, கோயிலில் ஒன்று என்று மொழிகளை மாற்றிக்கொண்டு வாழ்வது அங்கே யாருக்கும் அதிசயமாக இருந்ததில்லை.

அதிசயமாக்கியது அரசியல். 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. அதற்கும் முன்பே மங்கலங்கிழார் போன்ற ஆசிரியர்கள் எல்லையூர்களில் தமிழ் வகுப்பு நடத்தி நிலத்தைப் பண்படுத்தியிருந்தார்கள். பிறகு எல்லைத் தகராறுக்கு நடுவராகப் படாஸ்கர் வந்தார். கிராமத்தை அலகாகவும் பெரும்பான்மையோரின் மொழியை அளவாகவும் வைத்துத் தீர்ப்புச் சொன்னார். 1959இல் சட்டம், 1960 ஏப்ரல் 1இல் அமல். திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. சித்தூரும் திருப்பதியும் காளத்தியும் புத்தூரும் அங்கேயே நின்றன. மாற்றாகச் செங்கற்பட்டு மாவட்டத்தின் சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின.

அன்றைய சூழலில் அதைவிட நியாயமான தீர்வு கிடைத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். போர் இல்லாமல், பேசி முடித்த எல்லை அது. ஆனால் ஒரு விளைவைக் கவனிக்க வேண்டும். பெரும்பான்மையால் கிராமத்தை அளந்தபோது, ஒவ்வொரு கிராமத்திலும் மற்ற மொழிக்காரர் என்று ஒரு கூட்டம் மிச்சப்பட்டது. நகரியிலும் குப்பத்திலும் சத்தியவேட்டிலும் தமிழ்ப் பிள்ளைகள். திருத்தணியிலும் பள்ளிப்பட்டிலும் தெலுங்குப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்கு மற்ற மொழி பெரும்பாலும் கேலியாகத்தான் அறிமுகமானது. அங்கே ‘அரவம்’, இங்கே ‘கொல்ட்டி’. சினிமாவில் மற்ற மொழிக்காரன் வந்தால் சிரிப்பதற்கென்று வருவான். ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தன் பாட்டி பேசுகிற மொழி திரையில் நகைச்சுவைப் பகுதியில் மட்டும் ஒலிப்பதைக் கேட்டு வளர்வது சின்ன விஷயம் அல்ல.

இனி புத்தகத்துக்கு வருவோம்.

1947 ஜூலையில் சென்னையிலிருந்து ‘சந்தமாமா’ தெலுங்கிலும் ‘அம்புலிமாமா’ தமிழிலும் ஒரே சமயத்தில் வெளிவந்தன. தொடங்கியவர்கள் பி. நாகிரெட்டியும் சக்ரபாணியும். நாகிரெட்டி கடப்பை மாவட்டத்துக்காரர். இந்தக் கட்டுரையின் நிலத்துக்கு அடுத்த வீடு. 1952 முதல் 1980இல் மறையும்வரை கொடவடிகண்டி குடும்பராவ் அதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். தெலுங்கில் எழுதப்படும் கதை மற்ற மொழிகளுக்குப் போகும். சங்கரும் சித்ராவும் வரைந்த அதே படங்கள் எல்லாப் பதிப்பிலும் வரும். சங்கர் தீட்டிய விக்கிரமாதித்தன் வேதாளத்தைச் சுமந்துகொண்டு பத்துக்கு மேற்பட்ட மொழிகளில் நடந்தான்.

அம்புலிமாமாவைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு தலைமுறைக்கு வாசிப்புப் பழக்கத்தைத் தந்த பத்திரிகை அது. ஆனால் அதன் உலகத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் ஒன்று தெரியும். குடும்பராவ் ஹோமரின் இரண்டு காவியங்களையும் தொடராக எழுதினார். அரபுக் கதைகள் வந்தன, ஜாதகக் கதைகள் வந்தன. டிராய்க்குப் போன கிரேக்கக் கப்பல்கள் பத்திரிகை அச்சான வடபழனிவரை வந்து சேர்ந்துவிட்டன. இந்தியக் கதை என்று வந்தாலோ, ‘ஒரு ஊரில் ஒரு வியாபாரி’. எந்த ஊர் என்று கேட்கக் கூடாது. அவன் என்ன சாதி, வீட்டில் எந்த மொழி, அவனிடம் கூலி வேலை செய்தவன் ஊரின் எந்தப் பக்கத்தில் குடியிருந்தான் என்றும் கேட்கக் கூடாது. பாக்தாத் வணிகனின் மகன் நாயகன் ஆகலாம். மதனப்பள்ளியில் தக்காளி மண்டியில் மூட்டை தூக்குகிற பாஷாவின் மகன் அந்தப் பக்கங்களில் நடமாட முடியாது.

அந்தப் பெயரின்மைக்கும் ஒரு நன்மை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். யாருடைய ஊரும் இல்லை என்பதால் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். பத்து வயதுக்கு அது போதும். பதினைந்து வயதில் போதாது. பதினைந்தில் பிள்ளைக்குத் தன் பெயர் தெரிந்துவிடுகிறது. அந்தப் பெயரை வைத்து வகுப்பில் தன்னை எங்கே உட்கார வைக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடுகிறது. அந்த வயதுக்குத் தமிழில் மர்மக் கதைகளும் சாகசப் படக்கதைகளும் கிடைத்தன. தமிழ்வாணனின் சங்கர்லால் உலகம் முழுக்கச் சுற்றினார். 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியை இறக்குமதி செய்தது. இங்கேயும் அதே விதிதான்: தூரம் என்றால் சரி.

இதே காலத்தில் சித்தூர் மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் சில வாத்தியார்கள் வேறொன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். மாம்பழச் சந்தைக்குப் பெயர்போன தாமலசெருவில் மதுராந்தகம் ராஜாராம் பாடம் நடத்திக்கொண்டே அந்த வட்டாரத்தின் சிறுகதைகளை எழுதினார். 1993இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவர் மகன் நரேந்திரா, தேவதாசி மரபுக் கலைஞர்களின் வாழ்வை நாவலாக்கி 2022இல் அதே விருதை வாங்கினார். அங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம், பாகாலா ரயில் சந்திப்பு. அந்த ஊர்க்காரர் கலுவகொலனு சதானந்தா. அவரும் ஆசிரியர். ஆனால் அவர் எழுதியது முக்கியமாகப் பிள்ளைகளுக்கு. சாகித்திய அகாதெமி 2010இல் முதன்முதலாகச் சிறார் இலக்கிய விருதுகளை அறிவித்தபோது தெலுங்குக்கு அவருடைய ‘அடவி தல்லி’ நாவல் தேர்வானது. அதே பட்டியலில் தமிழுக்கு மா. கமலவேலனின் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’. திண்டுக்கல்லின் அந்தோணியும் பாகாலாவின் காடும் ஒரே ஆண்டில், ஒரே தாளில் அச்சானார்கள். கமலவேலனின் பெயர் சித்தூரில் எத்தனை பேருக்குத் தெரியும்? சதானந்தாவின் பெயர் வேலூரில் எத்தனை பேருக்குத் தெரியும்? இரண்டு ஊருக்கும் இடையே பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம்தான்.

சித்தூர் வட்டாரத்தின் உண்மையான விடலைப் பையனை எழுதியவர் நாமினி சுப்பிரமணியம் நாயுடு. 1980களில் ஆந்திர ஜோதி வார இதழில் ‘பச்சநாக்கு சாட்சிகா’ வெளிவந்தபோது, திருப்பதிப் பக்கத்து மிட்டூரின் பேச்சு அப்படியே அச்சில் ஏறியது. பிறகு ‘சினப்ப கதலு’. சொல்கிறவன் பையன். சொல்லப்படுவது அம்மா, எருமை, நிலக்கடலை, கடன், பள்ளிக்கூடம். கடலோர ஆந்திரத்துப் பாடப்புத்தகத் தெலுங்கில் தேர்ச்சி பெறாததால் வகுப்பில் திட்டு வாங்கிய பேச்சு அது. தமிழ்ச் சொல் தெலுங்கு விகுதியோடு வந்து உட்காரும். யாரும் அதைத் துரத்துவதில்லை. நம் கரிசலில் கி. ராஜநாராயணன் (கி.ரா.) செய்ததற்கு இணையான வேலை. ஆனால் இதெல்லாம் பெரியவர்கள் படிக்கும் இலக்கியமாகவே கொண்டாடப்பட்டது. ஒரு பையன் சொன்ன கதை, அந்த வயதுப் பையன்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது! நாமினியே இதை உணர்ந்திருக்க வேண்டும். பின்னாளில் ‘இஸ்கூலு பிலகாயல கத’ என்று பள்ளிப் பிள்ளைகள் பக்கமே திரும்பிவிட்டார்.

2008இல் ஹைதராபாத்தின் அன்வேஷி பெண்ணாய்வு மையம் ஒரு நல்ல காரியம் செய்தது. தலித், முஸ்லிம், உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளை மையமாக வைத்த கதைப் புத்தகங்களைத் தெலுங்கு, மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில், நல்ல ஓவியங்களோடு கொண்டுவந்தது. கோகு சியாமளாவின் தாடகி என்ற சிறுமி அதில்தான் வந்தாள். நெல்லூர் மாவட்டத்துக் காவலியின் முஸ்லிம் வீட்டுப் பையனை ‘தர்காமிட்ட கதலு’ மூலம் ஏற்கெனவே எழுதியிருந்த முகமது கதீர்பாபு வந்தார். சித்தூர் மாவட்டத்துக் கோபினி கருணாகரின் சட்டிக்குள் நிலாவும் வந்தது. அந்த வரிசையில் தமிழ் இல்லை. சித்தூர் மண்ணின் கதை கொச்சிக்கு மலையாளத்தில் போயிற்று. காட்பாடிக்குத் தமிழில் போகவில்லை. இதற்கு அன்வேஷியைக் குற்றம் சொல்ல முடியாது. கை நீட்டியிருக்க வேண்டியவர்கள் நாம்.

நம் பங்குக்கு நாம் திருப்பதியில் என்ன செய்தோம்? ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் 1960களில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் ந. சுப்புரெட்டியார். திவ்வியப் பிரபந்தத்தில் தோய்ந்தவர், அதே கையால் ‘இளைஞர் வானொலி’, ‘இளைஞர் தொலைக்காட்சி’, ‘அம்புலிப் பயணம்’ என்று இளையோருக்கு அறிவியல் எழுதிக் குவித்தார். அந்த உழைப்புக்கு எத்தனை முறை வணங்கினாலும் தகும். ஆனாலும் பாருங்கள், திருப்பதியில் உட்கார்ந்து தமிழ் இளைஞருக்கு எழுதியவர் நிலாவரைக்கும் போய்வந்தார். மலையடிவாரத்துத் தமிழ்ப் பிள்ளை கதையாகவில்லை. பேராசிரியருக்கு அது வேலையும் அல்ல. அதைச் செய்திருக்க வேண்டிய நாவலாசிரியர்கள் சென்னையையும் மதுரையையும் தஞ்சாவூரையும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நிலா என்றதும் இன்னொன்று. 1971இல் முதல் ஆய்வு ராக்கெட் பறந்த ஸ்ரீஹரிகோட்டா, 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்துக்குள் வந்துவிட்டது. ராக்கெட் தளம் வருவதற்கு முன் அந்தத் தீவில் ஏனாதிப் பழங்குடியினர் இருந்தார்கள். மீனும் தேனும் விறகும் மூலிகையும் அவர்கள் வாழ்க்கை. தளத்துக்காக அவர்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். இந்தியச் சிறார் இதழ்கள் எத்தனையோ முறை அந்த ஏவுதளத்தின் படத்தை அட்டையில் போட்டிருக்கின்றன. அந்த மண்ணை விட்டுப் போன ஏனாதி வீட்டுப் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு ஓர் அட்டைப்படம் தர யாருக்குத் தோன்றியது? சேக்கிழார் இருந்திருந்தால் தோன்றியிருக்கும்.

அமெரிக்காவில் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் 1965இல் ஒரு கட்டுரை எழுதினார். 1962 முதல் 1964 வரை வெளியான 5,206 சிறார் நூல்களை எடுத்து, கறுப்பினத்தவர் ஒருவராவது எழுத்திலோ படத்திலோ வருபவை எத்தனை என்று எண்ணினார். 349. நூற்றுக்கு ஏழுகூட இல்லை. ‘ஏன் எப்போதும் வெள்ளைக் குழந்தைகளாகவே இருக்கிறார்கள்?’ என்று ஒரு கறுப்பினச் சிறுமி கேட்டதில்தான் அந்தக் கட்டுரை தொடங்குகிறது. எண்ணியதால் மட்டும் எதுவும் தலைகீழாக மாறிவிடவில்லை. 2014இலும் அங்கே எழுத்தாளர்கள் இதே கோரிக்கையோடு இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது. ஆனால் எண்ணியபிறகு பதிப்பகங்கள் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாமல் போனது. நம் பெரிய பதிப்பகங்கள் தங்கள் சிறார் பட்டியலையாவது ஒருமுறை இப்படி எண்ணிப் பார்க்கலாம். நாயகனின் பெயர் என்ன, வீடு எங்கே, வீட்டில் என்ன மொழி: மூன்று கேள்வி போதும்.

தமிழில் அண்மைக் காலத்தில் நல்ல மாற்றம் இருக்கிறது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பிள்ளைகளிடமே பேசி 2020இல் சாகித்திய அகாதெமியின் சிறார் இலக்கிய விருதைப் பெற்றது. 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’. வீட்டுக்குள் பேசாததைப் பேசத் துணிந்துவிட்டோம். எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளையைப் பற்றிப் பேசும் துணிவு அடுத்து வர வேண்டும். கி.ரா.வின் ‘பிஞ்சுகள்’ குறுநாவலில் பறவைகளின் பின்னால் அலையும் பையன் வெங்கடேசு. திருப்பதி சாமியின் பெயரைத் தாங்கிய பிள்ளை கோவில்பட்டிக் கரிசலில் நாயகனாகிவிட்டான். அவன் முன்னோர் கிளம்பி வந்த திசையில்தான் நமக்கு இன்னும் கதை இல்லை.

அந்த இடைவெளியை யார் நிரப்புகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2021இல் வந்த ‘புஷ்பா’, சித்தூர்த் தெலுங்கை நாடு முழுக்கக் கொண்டுபோனது. தன் பேச்சு கேலிப் பொருளாக இல்லாமல் நாயகனின் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அந்த ஊர்ப் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பெருமிதம் நியாயமானது. ஆனால் அந்த நாயகன் செம்மரம் கடத்துகிறவன். அதே சேஷாசலக் காட்டில் 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திர அதிரடிப்படையின் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் இறந்தார்கள். ஜவ்வாது மலை போன்ற இடங்களிலிருந்து கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள். அந்த மலைகளில் எட்டாவதோடு படிப்பை நிறுத்திய பையனிடம் தரகன் வந்து என்ன சொல்வான், அவன் அக்கா என்ன சொல்வாள், காட்டுக்குள் தெலுங்கு தெரியாமல் அவன் எப்படி வழி கேட்பான் என்று எழுதினால் அது இரண்டு மாநிலத்துப் பிள்ளைகளும் படிக்க வேண்டிய நாவல். செய்தியாக வந்துவிட்டது, வழக்காக வந்துவிட்டது, சினிமாவாகப் பாதி வந்துவிட்டது. பதினைந்து வயது வாசகரின் கையில் கொடுக்கக்கூடிய வடிவத்தில் வர வேண்டும்.

மொழிப் பாடத்தின் நிலைமையும் இதை அவசரமாக்குகிறது. தமிழ்நாட்டில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தெலுங்குத் தாய்மொழிப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்காக நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. ஆந்திரத்தில் 2019இல் அரசுப் பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்ற ஆணை வந்தது. 2020இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகள் மெலிந்துகொண்டே வருகின்றன. பள்ளி கைவிட்ட மொழியைப் பிள்ளை விரும்பிப் படிக்க மிஞ்சுவது கதை ஒன்றுதான்.

இதற்குப் புதிதாக ஒரு நிறுவனம் கட்ட வேண்டியதில்லை. மூன்று மாநிலங்கள் சந்திக்கும் குப்பத்தில் 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தென்மொழிகளை ஒன்றோடொன்று பேசவைக்க என்றே தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு ஓர் இளையோர் நூலைத் தெலுங்கிலிருந்து தமிழுக்கும் ஒன்றைத் தமிழிலிருந்து தெலுங்குக்கும் அது கொண்டுவரட்டும். சதானந்தாவிலிருந்தும் நாமினியிலிருந்தும் கமலவேலனிலிருந்தும் தொடங்கலாம். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்காக நடத்தும் ‘தேன்சிட்டு’, திருத்தணியிலும் ஓசூரிலும் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளைத் தங்கள் வீட்டுக் கதையை எழுதச் சொல்லி, பெயரும் ஊரும் போட்டு அச்சிடட்டும். இரண்டு அரசுகளும் இந்த நூல்களைப் பள்ளி நூலகங்களுக்கு வாங்கட்டும். நகரியிலோ பலமனேரிலோ இருந்துகொண்டு தமிழில் எழுதிப் பார்க்கிற இளைஞர் யாராவது இதைப் படித்தால், அவர் எழுத்தில் தெலுங்கு கலந்திருக்கிறது என்பதற்காகச் சென்னைப் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்ப வேண்டாம். கலந்தபடியே போடுங்கள்.